சுவரை விட்டு ஓரடி

கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மிடாலம் பக்கத்து வீடுகளில், மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானை அளக்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே அதன் இன்னொரு வடிவமான தோரானை விட்டுவிட்டு ரேடானை மட்டும் அளந்தால் கணக்கு பாதியில் நிற்கும் என்பது. கருமணலோடு கலந்து கிடக்கும் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமத்தில் யுரேனியம் கொஞ்சம், தோரியம் அதைப்போலப் பல மடங்கு. யுரேனியத் தொடரில் பிறக்கும் ரேடானின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், 3.8 நாள்; தரை வெடிப்பு வழியே ஏறி அறை முழுக்கப் பரவ அதற்கு நேரம் உண்டு. தோரியத் தொடரில் பிறக்கும் தோரானுக்கோ சுமார் 55 விநாடிதான். சுவரையும் தரையையும் விட்டு அதிக தூரம் போகாது.

அதனால் வாயுவின் அளவைப் பதியும் டோசிமீட்டரை எங்கே தொங்கவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுவரில் ஆணி அடித்து ஒட்டினாற்போல் மாட்டினால் தோரான் அளவு எக்கச்சக்கமாக ஏறும். மேலிருந்து கயிறு கட்டி, சுவரை விட்டு ஓரடியாவது தள்ளி, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் தொங்க வேண்டும். மின்விசிறிக்கு நேர்கீழே கூடாது.

பின்ஹோல் டோசிமீட்டர் என்பது இரண்டு அறை கொண்ட சிறு டப்பா. கண்ணாடி இழை வடிகட்டி வழியாக முதல் அறைக்குள் காற்று வரும். அங்கிருந்து ஊசித்துளைகள் வழியாக இரண்டாம் அறைக்கு. துளை தாண்டுவதற்குள் தோரான் பெரும்பாலும் சிதைந்துவிடும். வாயு சிதையும்போது பாயும் ஆல்பா துகளின் தடத்தைப் பதிய ஒவ்வொரு அறையிலும் ஒரு பிலிம் இருக்கும். இரண்டாம் அறை பிலிம் ரேடானைச் சொல்லும். இரண்டு பிலிமுக்கும் உள்ள வித்தியாசம் தோரானைச் சொல்லும். எல்ஆர்-115 என்ற இந்தப் பிலிமின் சிவப்புப் பூச்சு காற்றைப் பார்த்து இருக்க வேண்டும். புரட்டி ஒட்டிவிட்டால் மூன்று மாத வேலையும் போச்சு, ஆல்பா துகள் பின்பக்கத்துப் பாலியஸ்டரைத் துளைத்துப் பூச்சுக்கு வராது. கழற்றிய பிலிமை 2.5 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில், 60 டிகிரி செல்சியஸில், 90 நிமிடம் வைக்கிறோம்; ஆல்பா தடங்கள் எண்ணக்கூடிய துளைகளாகத் தெரியும். சூடு ஓரிரு டிகிரி கூடினாலே பூச்சு அதிகம் கரைந்து துளைகளின் எண்ணிக்கை ஏறிவிடும். எஞ்சிய தடிமனை அளந்து திருத்தாமல் எண்ணை எழுதக் கூடாது.

அக்டோபரில் மாட்டியவை அடிக்கடி கெடும். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது டப்பாவைக் கழற்றி அலமாரிக்குள் வைப்பார்கள், பிறகு பத்திரமாகத் திரும்ப மாட்டிவிடுவார்கள். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், எண் மட்டும் பொய் சொல்லும். டிசம்பர் முதல் வாரத்தில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மழைக்கு ஜன்னல் அடைபடும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வருடம் முழுக்க அளந்தால்தான் வீட்டின் சராசரி தெரியும்.

கடற்கரையில் காமா மீட்டர் எகிறுவதைப் பார்த்து வீட்டுக்குள்ளும் வாயு அதிகம் என்று முடிவுகட்டுவது தவறு. இரண்டும் வேறு வேறு அளவீடு. தோரான் சுவரோரம்தானே என்று அலட்சியமாக இருப்பதும் தவறுதான். அதன் வழிவந்த ஈயம்-212க்கு அரை ஆயுள் 10.6 மணி நேரம். தூசியில் ஒட்டிக்கொண்டு அது அறையெங்கும் திரியும், மூச்சோடு உள்ளே போகும். நுரையீரலுக்குக் கெடுதல் பெரும்பாலும் இந்த வாரிசுகளால்தான், அதற்குத் தனி உணரி வைக்க வேண்டும்.

“சாரே, பிள்ளைக்கு இருமல், இதனாலயா?” என்று கேட்கிறவர்களுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். ரேடானுக்கு இருமலோ தலைவலியோ அறிகுறி கிடையாது. உறுதியாகத் தெரிந்த பாதிப்பு நுரையீரல் புற்றுநோய், அதுவும் பல வருடம் கழித்து. 1988-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடானைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குச் சொல்லும் அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்). முடியாத இடத்தில் 300-ஐத் தாண்டக் கூடாது. புகைப்பவருக்கு ரேடானால் வரும் ஆபத்து, புகைக்காதவரைவிட சுமார் 25 மடங்கு. வீட்டில் பீடி பிடிக்கிற பெரியவர் இருந்தால் டப்பா மாட்டும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கட்டும்போதே கவனித்தால் செலவு குறைவு. அஸ்திவாரத்துக்குள் கடற்கரை மணலைக் கொட்டி நிரப்பக் கூடாது. சுவரை நன்றாகப் பூசி வர்ணம் அடித்தால் தோரானில் பெரும்பங்கு பூச்சுக்குள்ளேயே சிதைந்துவிடும். தரை வெடிப்பை அடைக்க வேண்டும். எங்களுக்கு இப்போது அதிகக் கவலை தருவது, ஏசிக்காக இரவு முழுக்க இறுக அடைத்த படுக்கையறைகள். பழைய ஓட்டு வீட்டில் காற்று தானாக ஓடியது. முடிவுச் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஜன்னல் திறந்து’, ‘ஜன்னல் அடைத்து’ என்று எழுதிக் கொடுக்கிறோம்; வீட்டுக்காரர் முதலில் படிப்பது அதைத்தான்.