மதகடியில் ஆகாயத்தாமரை

மன்னார்குடிக்கு வந்து மூணு நாளாச்சு. நேத்து சாயங்காலம் வாய்க்கால் மதகடியில நின்னு ஆகாயத்தாமரையைப் பாத்துட்டிருந்தேன். ஒண்ணொண்ணா மிதந்து வருது, மதகுல மோதி ஒரே திட்டா ஒதுங்குது.

செல் சவ்வும் ஏறக்குறைய இப்படித்தான். 1972-ல் சிங்கர், நிக்கல்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்க சொன்ன மாதிரி, கொழுப்புப் பரப்புல புரதங்கள் மிதக்குது. ஆனா இஷ்டத்துக்கு இல்ல. கொலஸ்ட்ரால் சேர்ந்த இடம் கொஞ்சம் இறுக்கம் (அந்தத் திட்டுங்க எவ்வளவு பெரிசு, எவ்வளவு நேரம் நிக்கும்னு இன்னும் சண்டை ஓயல). அடியில ஆக்டின்ங்கிற புரத இழைங்க வரப்பு மாதிரி பாத்தி கட்டி வெச்சிருக்கு.

எனக்குப் பிடிச்சது, நோயை எதிர்க்கிற வெள்ளணுவான டி செல்லோட கதை. கிருமித் துணுக்கைக் காட்டுற செல்லோட அது ஒட்டும்போது, ஏற்பி (துணுக்கைப் பிடிக்கிற டி செல் புரதம்) பிடிச்ச இடத்துல நடுவுல சுமார் 15 நானோமீட்டர்தான் இடைவெளி. ஏற்பி குட்டை, உள்ள நிக்கும். அதே சவ்வுல மிதக்கிற சிடி45ங்கிற புரதம் நெட்டை, வெளியே தள்ளப்படும். ஏற்பியில ஏறுற பாஸ்பேட்டை அப்பப்போ கழட்டி விடுறதே இந்த சிடி45தான். அது ஒதுங்கினதும் பாஸ்பேட் தங்குது, சமிக்ஞை உள்ளே போகுது. வில்லன்னு முடிவு கட்டிடாதீங்க. ஏற்பிக்குப் பாஸ்பேட் ஏத்துற எல்சிகே நொதியைத் தயாரா வெச்சிருக்கிறதும் அதே சிடி45தான்!

எங்க ஓட்டு வீட்டு நிலைவாசல்ல நெட்டையான பெரியப்பா இடிச்சுக்கிட்டு திண்ணையிலேயே உக்காந்துடுவாரே, அதேதான்.

அப்பாயிகிட்ட போட்டோவைக் காட்டி இதையெல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "படம் புடிச்ச நேரத்துக்கு நாலு கை அள்ளிப் போட்டிருந்தா நம்ம வயலுக்குத் தண்ணி வந்திருக்கும்டா" ன்னாங்க.