சிவந்த சிறுநீர்: உண்ணியா, கல்லா?

மார்ச் 4
காலையில் எங்கள் டால்மேஷியன் நாய் புள்ளி, காலைத் தூக்கியபடி வெகுநேரம் நின்றான். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, அதுவும் சிவப்பாக. காது மடலுக்குள் உண்ணிகள் வேறு. பக்கத்து வீட்டு அக்கா, "உண்ணிக் காய்ச்சல்தான். எங்க மணிக்கும் இப்படித்தான் காப்பி நிறத்துல போச்சு" என்றார். பயம் நியாயமானதுதான். உண்ணி கடித்தால் பபீசியா என்ற ஒட்டுண்ணி ரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களை உடைக்கும். அந்த நிறம் சிறுநீரில் இறங்கும்.

டாக்டரம்மா முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. சிறுநீரைச் சின்னக் குழாயில் ஊற்றிச் சுழலவிட்டார். சிவப்பு அடியில் படிந்து மேலே மஞ்சளாகத் தெளிந்தது. அணுக்கள் உடைந்திருந்தால் சுழற்றினாலும் நிறம் தெளியாதாம். அப்படியானால் இது சிறுநீர்ப் பாதையில் எங்கோ கசியும் ரத்தம். உண்ணி இருந்ததால் ரத்தப் பரிசோதனைக்கும் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 5
ரத்தத்தில் ஒட்டுண்ணி இல்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனில்தான் கற்கள் தெரிந்தன. யூரிக் அமிலத்தால் உண்டாகும் யூரேட் கற்கள் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் பிடிபடாது. மற்ற நாய்களின் கல்லீரல் யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் பொருளாக மாற்றிவிடும். டால்மேஷியனுக்குப் பிறவியிலேயே அந்த வழி அடைபட்டிருக்கிறது.

மார்ச் 7, இரவு
ஒரு சொட்டுகூட வரவில்லை. வயிறு கல்லாக இறுகிவிட்டது. ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. கல் அதன் பின்னால் சிக்கிக்கொள்ளும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடும். குழாய் வழியாக உப்புநீரை அழுத்திச் செலுத்திக் கல்லைச் சிறுநீர்ப்பைக்குள் திருப்பித் தள்ளினார்கள். அப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

மார்ச் 8
அறுவைசிகிச்சை முடிந்தது. எடுத்த கற்களைக் காட்டினார்கள். கடுகு போல உருண்டை, வழவழப்பு, பழுப்பும் பச்சையும் கலந்த நிறம்.

மார்ச் 19
தையல் பிரித்தாயிற்று. இனி யூரிக் அமிலத்தைக் கூட்டும் ஈரல், நெத்திலி, கருவாட்டுத் தலை எதுவும் கிடையாது. முட்டை, தயிர்சோறு, சோற்றில் தாராளமாகத் தண்ணீர். யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையும் உண்டு. அதைக் கொடுத்துக்கொண்டே ஈரலும் போட்டால் ஸாந்தீன் என்ற வேறு வகைக் கல் உருவாகுமாம். அக்காவிடமும் கறிக்கடைத் தம்பியிடமும் சொல்லிவிட்டேன்.

உண்ணியையும் விடவில்லை. முட்டையிடுவது நாய் மேல் அல்ல, சுவர் இடுக்கில். அதனால் புள்ளிக்கு உண்ணி மாத்திரை கொடுத்த கையோடு திண்ணை விரிசல்களையும் சிமெண்ட் வைத்து அடைத்தோம். அடுத்த ஸ்கேன் ஏப்ரலில்.