ஆற்றோரத்துப் பட்டாக்கள்

நில அளவைத் துறையில் நான் பார்த்த வேலையில் பெரும்பகுதி வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும்தான். மசினகுடிப் பக்கம் வேலை பார்த்தபோதுதான், சொந்த நிலத்துக்காக இல்லாமல் ஓர் ஆற்றுக்காக, அதன் கரையை வளைத்த ரிசார்ட்டுகளை எதிர்த்து, ஜனங்கள் மனு எழுதிக்கொண்டு வருவதைப் பார்த்தேன்.

அந்த இடத்தின் அமைப்பு தெரிந்தால்தான் அவர்கள் கோபம் புரியும். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் எல்லாம் சீகூர் பீடபூமியில் இருக்கின்றன. தெற்கே நீலகிரி மலை செங்குத்தாக ஏறுகிறது. வடக்கே மாயாறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. முதுமலையிலிருந்து சத்தியமங்கலம் காட்டுக்குப் போகும் யானைகள் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள சமதரையில்தான் நடந்தாக வேண்டும். கோடையில் குட்டைகள் வற்றிவிட்டால் யானைகளுக்குத் தண்ணீர் மாயாறும், அதில் போய்ச் சேரும் சீகூர் ஆறு போன்ற ஓடைகளும்தான். ரிசார்ட்டுக்காரர்கள் இடம் வாங்கியதும் இதே சமதரையில், முடிந்தவரை தண்ணீரை ஒட்டி.

ஒருமுறை ஓடையை ஒட்டிய ஒரு பட்டா நிலத்தை அளக்கப் போனோம். ஊர்க்காரர்கள் கொடுத்த மனு அது. புலப்படத்தை விரித்து, பழைய அளவைக் கல்லைத் தேடினால் கல்லைக் காணோம். பக்கத்துப் புலத்தின் முச்சந்திக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்து வந்தோம். சோலார் மின்வேலியின் கம்பங்கள் ஓடைப் புறம்போக்குக்குள் தண்ணீர் விளிம்பு வரை போயிருந்தன. வேலிக்கு வெளியே மண் மெத்தையாக மிதிபட்டுக் கிடந்தது. யானை லத்தி, பழசும் புதுசுமாக. நேராக ஓடைக்கு வந்த தடம் வேலியில் முட்டி, வேலியோரமாகவே ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தது. கூட வந்த இருளர் பெரியவர் அந்தத் தடத்தைக் காட்டி, "இது இப்படிப் போய் எங்க வீட்டு வாசல்லதான் சார் நிக்கும்" என்றார். அவர் சொன்னதை என்னிடம் இருந்த எந்த வரைபடமும் காட்டாது.

எங்கள் பதிவேடுகளின் குறையே அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஒவ்வொரு சர்வே எண்ணையும் தனியாகப் பார்த்தால் பட்டா சரி, கிரயப் பத்திரம் சரி. ஒரு வீடு கட்டினால் காட்டுக்கு என்ன கேடு என்றுதான் தோன்றும். வீடு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தில் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை, முன்னால் வரவேற்பு மேசை என்று இருப்பது அனுமதித் தாளில் தெரியாது. அப்படிப் பத்து எண்கள் அடுத்தடுத்து வேலி போட்டால் யானைக்கு ஓடை இல்லை. அளக்கத் தெரியாத அந்தப் பெரியவருக்கு இது தெரிந்திருந்தது. ஆற்றோர நீர்மருது மரங்களில் பாறு கழுகுகள் கூடு கட்டுவது தெரிந்து, பாட்டுச் சத்தமும் ராத்திரி ஜீப் விளக்கும் வேண்டாம் என்று மனுவில் எழுதச் சொன்னவரும் அவர்தான்.

இந்த ரிசார்ட்டுகளையும் யானை வழித்தடத்தையும் பற்றிய வழக்கு நீண்ட காலம் நடந்தது. 2010 ஆகஸ்டில் அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் விடாமல் வாதாடினார். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, ரிசார்ட்டுகளுக்கு சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. வழித்தட அறிவிப்பு செல்லுபடியாகும் என்று சொல்லி, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் நீதிமன்றம் அமைத்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மாவனல்லாவில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மேல் தீப்பற்றிய பொருளை எறிந்தார்கள். 2021 ஜனவரியில் அந்த யானை செத்தது. தீயை எறிந்த வீடியோவைப் பார்த்த எல்லோருக்கும் அது அதிர்ச்சி. மனு கொடுத்தவர்கள் பல வருஷமாகப் பயந்ததே அதற்குத்தான்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். வழித்தட அறிவிப்பில் சிறு விவசாயிகளின் துண்டு நிலங்களும் அகப்பட்டன. ரிசார்ட் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவரே அடுத்த வாரம், "எங்க வீட்டையும் எடுத்துக்குவாங்களா சார்?" என்று கேட்டு வந்தார். நியாயமான பயம். வெளியூர் முதலாளிக்கும் தலைமுறையாக மாடு மேய்த்து ராகி விதைத்தவருக்கும் ஒரே படிவத்தில் நோட்டீஸ் போவது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

சீல் வைத்த சமயத்தில் அறை சுத்தம் செய்து வந்த பெண்கள் சிலர் ரிசார்ட் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். எல்லோரும் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். "மீதிச் சம்பளத்தை யாருகிட்ட சார் கேக்குறது?" என்றார் ஒருவர். முதலாளி ஊரில் இல்லை, மேலாளர் போனை எடுக்கவில்லை. சீல் வைத்த விவரம் எழுதும் தாளில் அதற்கு இடமில்லை. அவர்கள் பெயர்களையும் எத்தனை நாள் சம்பளம் பாக்கி என்பதையும் தனித் தாளில் எழுதி வாங்கி, தாசில்தார் கையில் கொடுத்தேன். தொழிலாளர் துறைக்கு அனுப்புவதாகச் சொன்னார்.