டிரைகிளிசரைடு 32 என்று வந்தால்

லிப்பிட் புரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனையில், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு வகை டெசிலிட்டருக்கு 150 மி.கி.-ஐத் தாண்டினால் என்ன செய்வது என்று ஆளாளுக்குச் சொல்லிவிடுவார்கள். 32 என்று வந்தால்தான் குழப்பம். மேல் வரம்பு போல, கீழ் வரம்புக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் கிடையாது. ஒரு லேப் ‘குறைவு’ என்று தடித்த எழுத்தில் அடிக்கும். இன்னொரு லேப் அதே எண்ணைக் கண்டுகொள்ளாது. வெளிநாட்டு ரிப்போர்ட்டில் 0.4 என்று இருந்தால் அது மில்லிமோல் கணக்கு. 88.5-ஆல் பெருக்கினால் 35 மி.கி.

அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், பக்கத்து வரிகளையும் படியுங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 172, எச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்ட்ரால் 62, டிரைகிளிசரைடு 32 என்றால், கணக்குப்படி எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் சுமார் 104. எடை நிலையாக இருக்கிறது, பசி சரியாக இருக்கிறது என்றால் இது பெரும்பாலும் நல்ல செய்திதான். சோறு, சர்க்கரையைக் குறைத்தவர்கள், தினமும் ஓடுகிறவர்கள், டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு இப்படி வரும்.

மொத்தம் 88, எச்.டி.எல். 48, டிரைகிளிசரைடு 28 என்று வந்தால் கதையே வேறு. எல்.டி.எல். 34-தான் நிற்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை எதுவும் எடுக்காதவருக்கு எல்லாமே சேர்ந்து இறங்கியிருந்தால் காரணம் தேட வேண்டும். எடை குறைகிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் முதலில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனையைப் பாருங்கள்; தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கொழுப்பு வேகமாகக் கரையும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் குடல் கொழுப்பை உறிஞ்சவில்லை என்று அர்த்தம். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி. பரிசோதனை உதவும். ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் குறைந்திருந்தால் கல்லீரலையும் ஊட்டக்குறைவையும் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் எண்ணே சரிதானா என்று பார்ப்பது முக்கியம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான லேப்களில் டிரைகிளிசரைடை நொதிகளால் உடைத்து, கடைசியில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு தரும் நிறத்தைத்தான் அளக்கிறார்கள். அந்த நிறம் உருவாவதைத் தடுக்கும் மருந்து ரத்தத்தில் இருந்தால் அளவு பொய்யாக இறங்கும். பாராசிட்டமால் விஷத்துக்கு ஏற்றும் அசிட்டைல்சிஸ்டீன், மாதவிடாய் அதிகப் போக்குக்குக் கொடுக்கும் எதாம்சிலேட், அதிக அளவு வைட்டமின் சி ஆகியவை இந்த வேலையைச் செய்யும். யூரிக் அமிலமும் இதே நிறமுறையில் அளக்கப்படுவதால், அதுவும் கூடவே சந்தேகத்துக்கிடமாக இறங்கியிருந்தால் மருந்துப் பட்டியலை லேபிடம் சொல்லுங்கள். டிரிப்ஸ் ஏறும் கையிலிருந்து எடுத்த ரத்தமும் நீர்த்துப்போய்க் கொழுப்பு அளவுகள் எல்லாவற்றையும் குறைத்துக் காட்டும். மறுமுறை எடுக்கும்போது மற்றக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். எதாம்சிலேட் போன்ற மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்; பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் நேரத்தை மருந்துக்கு முன்னால் வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பரம்பரைக் காரணங்களும் உண்டு, எல்லாம் கெட்டவை அல்ல. அமெரிக்காவின் லான்காஸ்டர் பகுதியில் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தினரில் சுமார் 5 சதவீதம் பேருக்கு, டிரைகிளிசரைடு கரைவதைத் தாமதப்படுத்தும் அபோசி3 மரபணு ஒரு பிரதியில் வேலை செய்யாது என்று 2008-இல் கண்டறிந்தார்கள். அவர்களுக்கு டிரைகிளிசரைடு குறைவு, இதய நாளங்களில் படிவும் குறைவு.

கொழுப்பைச் சுமக்கும் துகள்களை உடலால் உருவாக்க முடியாத அபீட்டாலிப்போபுரோட்டினீமியா என்ற பரம்பரை நோய் அப்படியல்ல. மிக அரிது, ஆனால் குழந்தைப் பருவத்திலேயே தெரியும்: எடை ஏறாது, கொழுப்புக் கலந்த பேதி நிற்காது, டிரைகிளிசரைடு பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். வைட்டமின் ஈ உடலில் சேராததால் நரம்பும் விழித்திரையும் கெடும். அப்படி ஒரு ரிப்போர்ட்டைக் குழந்தைக்குப் பார்த்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் அந்த வாரமே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். அதிக அளவு வைட்டமின் ஈ-யைச் சீக்கிரம் தொடங்கினால் அந்தச் சேதத்தைப் பெருமளவு தடுக்கலாம்.