குதிரைக்குத் துடிப்பு தவறினால்: லாயத்திலிருந்து வேப்பேரி வரை

“பாய், மூணு அடிச்சு ஒண்ணு நிக்குதே!” ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தபடி யாராவது இப்படிச் சொன்னால் போதும், அந்தக் குதிரைக்கு ஹார்ட் நோய் என்று வேலூர் முழுக்கப் பேச்சு பரவிவிடும். பெரும்பாலும் அது நோயே இல்லை. ஓய்வாக நிற்கும் குதிரையின் நெஞ்சு நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவைதான் துடிக்கும். இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பின் பிடி அதற்கு அவ்வளவு பலம். அந்தப் பிடி இன்னும் கொஞ்சம் இறுகினால் இதயத்தின் மேலறையில் கிளம்பிய மின்துடிப்பு கீழறைக்கு இறங்காமல் நின்றுபோகும், அதுதான் அந்தத் தவறிய துடிப்பு.

கேட்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இடது முன்காலை அரையடி முன்னால் வைக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை முழங்கைக்குப் பின்னால் சும்மா ஒட்டாமல், கைச்சதைக்கு அடியில் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. முழு நிமிடம் எண்ணுங்கள், முடிந்தால் 2 நிமிடம். அதே நேரத்தில் இன்னொருவர் தாடை எலும்பின் கீழ்விளிம்பில் உருளும் நாடியைப் பிடித்திருக்கட்டும். புது ஆள் வந்தாலே எண்ணிக்கை ஏறும், அதனால் தினமும் கொள்ளு வைப்பவரே பிடித்தால் நல்லது.

தவறும் துடிப்புக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறதா? மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று சீராக விட்டு, அந்த இடைவெளியில் ‘டுப்’ என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்டால் மேலறை வேலை செய்கிறது என்று அர்த்தம். பிடிகயிற்றில் 5 நிமிடம் மெல்லோட்டம் விட்டு, நிறுத்திய கையோடு கேளுங்கள், தவறல் மறைந்திருக்கும். மூச்சு அடங்கும்போது திரும்பி வந்தால் பயப்பட வேண்டாம். ஓடிய பிறகும் ஒழுங்கே இல்லாமல், ஒரு நாடி பலமாகவும் அடுத்தது பலவீனமாகவும் வந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக, அதாவது மேலறை சீராகத் துடிக்காமல் வெறுமனே நடுங்குவதாக, இருக்கலாம். கல்யாண ஊர்வலத்துக்கு நடக்கும் குதிரையில் இது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். நடைதானே, களைப்பே தெரியாது.

உறுதி செய்வது ஈசிஜி. மனிதருக்கான மிஷினே போதும், ஆனால் தானியங்கி முறையில் விடாதீர்கள். அது ஒரு லீடுக்கு, அதாவது இதயத்தைப் பார்க்கும் ஒரு கோணத்துக்கு, இரண்டரை விநாடிதான் அச்சடிக்கும். 30 துடிப்புள்ள குதிரைக்கு அதில் ஓர் அலை, மிஞ்சினால் இரண்டு. மேனுவலில் லீட் 1, விநாடிக்கு 25 மில்லிமீட்டர். வலது கை கிளிப் கழுத்து ரத்தநாளப் பள்ளத்தின் கீழ்ப்பகுதியில், இடது கை கிளிப் இடது முழங்கைக்குப் பின்னால், எர்த் எங்கேயாவது தள்ளி. முடியை ஸ்பிரிட்டால் நனைத்துக் கிளிப்பை மாட்டுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் காகிதம் ஓடும், கஞ்சத்தனம் வேண்டாம். கோடு முழுக்கச் சீராக நடுங்கினால் அது கரண்ட் குறுக்கீடு: பிளக்கைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள், ஈரத் தரையிலிருந்து ரப்பர் பாய்க்கு மாற்றுங்கள். மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலை இரட்டைத் திமிலோடு வந்தால் குதிரைக்கு அது இயல்பு. பி அலையே இல்லாமல் அடிக்கோடு மட்டும் அலைபாய்ந்தால்தான் ஃபிப்ரிலேஷன். மிஷின் தானாக அச்சடிக்கும் ‘முடிவை’க் கிழித்துப் போடுங்கள், அது மனிதக் கணக்கு.

ஃபிப்ரிலேஷன் என்றாலும் அன்றே ஊசி மருந்து என்று ஓட வேண்டியதில்லை. சில குதிரைகளுக்கு ஓரிரு நாளில் தானாகவே சரியாகும். இரண்டு நாள் ஓய்வு கொடுத்து மறுபடி ஈசிஜி எடுங்கள். அதுவரை யாரையும் ஏற்றக் கூடாது. ஓய்விலேயே துடிப்பு 60-ஐத் தாண்டினால், தலையை நேராகத் தூக்கியிருக்கும்போதும் கழுத்து ரத்தநாளம் பாதிக் கழுத்துக்கு மேல் துடித்தால், அடிவயிறு வீங்கினால், காத்திருக்காதீர்கள். எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்க நாங்கள் நம்புவது சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியைத்தான். ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கத்திரி வெயிலில் விடியற்காலை 3 மணிக்கே வண்டி கிளம்பிவிட வேண்டும். இறக்கியதும் தண்ணீர் காட்டி, ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்திய பிறகே துடிப்பு எண்ண விடுங்கள். ஈசிஜி சுருளை மடிக்காமல் சுருட்டிக் கொண்டு போங்கள்.

டாக்டர் தீனியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார், காரணம் இருக்கிறது. அரளி இலை பத்து இருபது போதும், பெரிய குதிரையே விழும். காய்ந்த இலையிலும் விஷம் குறையாது. சாலை நடுத்திட்டில் வெட்டிப் போட்ட அரளிக் கழிவு புல்லுக்கட்டோடு வந்துவிடும், கட்டைப் பிரித்து உதறித்தான் போட வேண்டும். இன்னொன்று கோழித்தீவனம். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்கச் சேர்க்கும் மோனென்சின், குதிரைக்கு ஒரு கிலோ எடைக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே உயிருக்கு ஆபத்து. பிழைத்தாலும் இதயத் தசையில் தழும்பு விழலாம், மாதங்கள் கழித்து ஓட்டத்தில் சுருண்டு விழும். விலை மலிவு என்று தவிட்டோடு கோழித்தீவனத்தைக் கலந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், சாக்கில் தைத்திருக்கும் லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள்.