கேட்டது கிடைக்காத ஆண்டில் வேளாங்கண்ணிக்கு

வேளாங்கண்ணிக்குச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் ஆகஸ்ட் 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவுறும் திருவிழா நாள்களையே விரும்புவார்கள். காவி உடுத்தி, சிறு தேரை இழுத்துக்கொண்டு, 'மரியே வாழ்க' என்று முழங்கியபடி நடந்து வரும் திருப்பயணிகளால் நாகை மாவட்டத்தின் சாலைகள் நிறைந்திருக்கும் காலம் அது. நாங்கள் சென்றதோ நவம்பரின் நடுவில், வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு புதன்கிழமை. கல்லறைத் திருநாளன்று அப்பாவின் கல்லறையில் மாலை சாற்றி மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பும்போதே, மாதாவுக்கு நேர்ந்தது பாக்கி இருக்கிறது என்றும், அடுத்த புயல் சின்னம் உருவாவதற்குள் போய் வந்துவிட வேண்டும் என்றும் அம்மா முடிவு செய்துவிட்டார்.

நேர்ந்தது இன்னதென்று சொல்ல வேண்டும். அப்பா தையல் தொழிலாளி. சென்ற ஆண்டின் இறுதியில் பக்கவாதம் தாக்கி அவருடைய வலது கை செயலிழந்தபோது, கை சரியானால் வெள்ளியில் கை உருவம் செய்து காணிக்கையாகச் செலுத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டார். கை சரியாகவில்லை, ஜூலை மாதத்தில் அப்பா இறந்துபோனார். வேண்டுதல் நிறைவேறாதபோது காணிக்கைக்கும் கட்டாயமில்லை என்பதே எங்கள் பக்கத்து வழக்கம், உறவினர்களும் அதைத்தான் சொன்னார்கள். அம்மா யாரோடும் வாதாடாமல், தம்மிடமிருந்த பழைய வெள்ளிக் கொலுசைக் கொடுத்துச் சிறிய கை ஒன்றைச் செய்து வாங்கி, பிரார்த்தனைப் புத்தகத்தோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார். கிடைக்காத ஒன்றுக்கு எதற்காக நன்றிக் காணிக்கை என்ற கேள்வியோடுதான் நான் அவருடன் புறப்பட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகப் பேருந்தில் சென்றோம். கடைமடை வயல்களில் சம்பா நாற்றுகள் தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்தன. சில வயல்களில் அதுவும் இல்லை. புதன்கிழமைக்குரிய மகிமையின் மறையுண்மைகளைச் சொல்லி முடித்த பிறகும் அம்மா செபமாலையைக் கீழே வைக்கவில்லை. பத்து மணிகளைத் தனியாகப் பிடித்து, மணிக்கு ஒன்றாக, அன்று நடந்தவற்றுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார்: முதல் பேருந்திலேயே உட்கார இடம் கிடைத்தது, முழங்கால் வலி சற்றுக் குறைந்திருந்தது, திருவாரூரில் குடித்த தேநீர் சூடாக இருந்தது. பெரிய காரியங்களுக்கு மட்டுமே கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எண்ணியிருந்தால் நம்மில் பலருக்கு ஆண்டுக்கு ஒருமுறைகூட வாய்ப்பு அமையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இத்திருத்தலத்தின் வரலாறாக வழிவழியாகச் சொல்லப்படும் மூன்று நிகழ்ச்சிகளைத் தமிழ்க் கத்தோலிக்கர் அனைவரும் அறிவர். பதினாறாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டு சென்ற சிறுவனிடம் குளக்கரையில் அன்னை தோன்றித் தம் குழந்தைக்குப் பால் கேட்டதும், குறைந்துபோன குடம் பிறகு நிரம்பி வழிந்ததும் முதலாவது. நடுத்திட்டு என்ற மேட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் நலம்பெற்று ஓடியது இரண்டாவது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் அன்னையின் பிறப்பு விழாவன்று கரை சேர்ந்து, அங்கிருந்த கூரைக் கோயிலைக் கல் கட்டடமாக எழுப்பியது மூன்றாவது. பால்காரச் சிறுவன் எதையும் கேட்கவில்லை என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அவன் முதலில் கொடுத்தான், பெற்றது பின்னர். மாலுமிகளோ உயிருக்காக மன்றாடினார்கள், பிழைத்தார்கள், நேர்ந்தபடியே கோயிலைக் கட்டினார்கள். கணக்கு அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் அவர்கள் பிந்தைய பயணங்களில் மீண்டும் வந்து, விவிலியக் காட்சிகள் தீட்டிய பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து பீடத்தை அணிசெய்தார்கள் என்று மரபு கூறுகிறது. அந்தத் தட்டுகளை இன்றும் பீடத்தில் காணலாம். கோயில் கட்டியது நேர்ந்ததைத் தீர்ப்பதற்காக. தட்டுகளை எவரும் அவர்களிடம் கேட்கவில்லை. 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவானால் பேராலயமாக உயர்த்தப்பட்ட அந்த வெள்ளை மாளிகையின் கோபுரங்களைவிட எனக்கு அந்தத் தட்டுகள்தாம் அன்று பெரிதாகத் தோன்றின.

திருப்பலியில் அன்று வாசிக்கப்பட்ட நற்செய்தி, பொதுக்காலத்தின் 32-ஆம் வாரப் புதன்கிழமைக்குரிய லூக்கா நற்செய்திப் பகுதி. சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் இடையே இயேசு நடந்து சென்றபோது தொழுநோயாளர் பத்துப் பேர் தொலைவில் நின்று கூவி அழைக்கிறார்கள். குருக்களிடம் போய்க் காண்பியுங்கள் என்று அவர் சொல்ல, போகும் வழியிலேயே நோய் நீங்குகிறது. ஒருவர் மட்டும் உரத்த குரலில் கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பி வந்து அவர் காலில் விழுந்து நன்றி செலுத்துகிறார். அவர் சமாரியர். 'மற்ற ஒன்பது பேர் எங்கே?' என்ற கேள்வி, அன்று பேராலயத்தில் காலியாகக் கிடந்த இருக்கைகளைப் பார்த்துக் கேட்கப்பட்டதுபோல் இருந்தது.

சிறு வயதிலிருந்து கேட்டுவரும் பகுதிதான் என்றாலும், அந்த ஒன்பது பேர்மீது நான் கொண்டிருந்த எண்ணம் அன்று மாறிற்று. அவர்கள் செய்தது குற்றமன்று. நோய் நீங்கியவர் குருவிடம் தம்மைக் காண்பித்து, மோசேயின் சட்டப்படி காணிக்கை செலுத்த வேண்டும். இயேசு சொன்னதும் அதைத்தான். அதைச் செய்யத்தான் போனார்கள். அநேகமாக ஆட்டுக்குட்டியோ புறாவோ வாங்கி முறைப்படி செலுத்தியும் இருப்பார்கள். நாம் முடியிறக்கி, நம் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றி, தென்னங்கன்று கொடுத்து, நேர்ந்ததை முடித்துவிட்ட நிம்மதியோடு அடுத்த பேருந்தைப் பிடிக்கும்போது, நாமும் அந்த ஒன்பது பேரோடுதான் நடந்துகொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது. இச்செயல்களை நான் குறைத்துப் பேசவில்லை. மணற்பாதையில் முழங்காலால் மாதா குளம் வரை ஊர்ந்து செல்லும் பெண்ணின் இதயத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் காணிக்கை செலுத்தியதும் கடவுளுக்கும் நமக்கும் இடையே உள்ள விவகாரம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிட்டால், அது கொடுக்கல் வாங்கலே தவிரச் செபமாகாது.

திருப்பலி இந்த எண்ணத்தை முற்றிலும் வேறு திசைக்குக் கொண்டுபோகிறது. இறைவாக்கைக் கேட்டதும் 'இறைவா உமக்கு நன்றி' என்கிறோம். அப்பமும் இரசமும் பீடத்தில் வைக்கப்பட்ட பின், 'நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்' என்று குருவானவர் அழைக்க, 'அது தகுதியும் நீதியும் ஆனதே' என்று விடையளிக்கிறோம். அந்தக் கணத்தில் நம் வேண்டுதல்கள் கிடைத்தனவா இல்லையா என்று எவரும் நம்மிடம் கேட்பதில்லை. அந்த அழைப்பை அடுத்துக் குருவானவர் சொல்லும் பொதுத் தொடக்கவுரைகளில் ஒன்று, நம் புகழுரை இறைவனின் பெருமைக்கு எதையும் சேர்ப்பதில்லை என்றும், நாம் நன்றி செலுத்துவதுகூட அவர் தரும் கொடையே என்றும் கூறுகிறது. இதைக் கருத்தோடு கேட்டவர்கள் அதன்பின் காணிக்கைக் கணக்குப் பார்ப்பது கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில்தான் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். இலாசரின் கல்லறை முன்னும், இறந்தவர் வெளியே வருவதற்கு முன்பே தந்தைக்கு நன்றி சொன்னார். மரியாவின் பாடலும் அப்படித்தான்: குழந்தை பிறப்பதற்கு முன், யோசேப்பு என்ன செய்வார் என்பது தெரிவதற்கும் முன், வல்லவராம் கடவுள் தமக்கு அரும்பெரும் செயல்கள் செய்துள்ளார் என்று எலிசபெத்தின் வீட்டில் அவர் பாடிவிட்டார். திருச்சபை அதை ஒவ்வொரு நாளும் மாலைச் செபத்தில் சொல்கிறது.

திருப்பலி முடிந்த பின் அம்மா வெள்ளிக் கையை எடுத்தார். உண்டியலருகில் நின்றபோது, அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அம்மா, அப்பாவுக்குக் கை சரியாகவே இல்லையே?"

"சரியாகலதான் தம்பி. அந்தக் கைதானே இத்தனை வருசமா துணி வெட்டி, தச்சு, உங்க எல்லாரையும் படிக்க வச்சுச்சு. அதுக்கு நான் இன்னும் ஒண்ணும் செலுத்தலையே."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. போட்டுவிட்டு, பூக்கடைக்காரப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய சில்லறையைத் தேடத் தொடங்கினார்.

காணிக்கைப் பொருட்கள் வைக்கப்பட்டுள்ள காட்சியகத்தையும் பார்த்தோம். கண், காது, கால், இதயம், தொட்டில், வீடு, படகு என்று தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த உருவங்களும், நன்றி தெரிவித்து எழுதப்பட்ட கடிதங்களும் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கின்றன. அவற்றைச் செலுத்தியவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர் மிகப் பலர். இந்துக்களும் இஸ்லாமியரும் தலைமுறை தலைமுறையாக ஆரோக்கிய அன்னையிடம் வருகிறார்கள். பிள்ளைக்கு ஆரோக்கியம் என்றும் ஆரோக்கியமேரி என்றும் பெயர் வைத்த இந்துக் குடும்பங்களை நானே அறிவேன். அன்னியரைத் தவிர வேறெவரும் திரும்பி வரக் காணோமே என்று இயேசு வியந்த நற்செய்தியைக் கேட்ட கையோடு அந்தக் கூடத்தில் நடப்பது, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் நம்மைப் போன்றவர்களுக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும்.

கடற்கரையில் நிற்கும்போது வேறொரு கடினமான கேள்வியும் எழாமல் இருப்பதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக் கரையிலும் கடைவீதியிலும் இருந்த திருப்பயணிகள் பலரும் அவர்களில் அடங்குவர். அலை பேராலயத்துக்குள் நுழையவில்லை என்பதையும், திருப்பலியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்பதையும் இங்குள்ளவர்கள் நன்றியோடு சொல்வார்கள். பிழைத்தவர் நன்றி சொல்வது இயல்பு. ஆனால் அந்த நன்றியை, சற்றுத் தொலைவில் மணலில் பிள்ளையைப் பறிகொடுத்தவரின் காதில் விழும்படி சொல்லலாமா? சொல்லக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று தெசலோனிக்கருக்கு எழுதிய பவுல், அழுவாரோடு அழுங்கள் என்று உரோமையருக்கு எழுதியவரும்தான். அப்பாவின் இறப்புக்காக அம்மா ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அடக்கத்துக்கு மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர், எல்லாம் நன்மைக்கே, கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்று அறிவுரை கூறியபோது, அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்றிரவு விடுதியில் மழைச் சத்தத்துக்கிடையே செபித்தபோது, முன்பு இயேசு சபைக் குருவானவர் ஒருவர் நடத்திய தியானத்தில் கற்றுக்கொண்ட ஆன்ம சோதனை முறை நினைவுக்கு வந்தது. புனித இஞ்ஞாசியார் எழுதி, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கு ஐந்து படிகள் சொல்லப்பட்டுள்ளன. பாவங்களை நினைவுகூர்வது அவற்றில் முதலாவது அன்று. பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி சொல்வதே முதற்படி. பாவத்தை அறிவதற்கான அருளை வேண்டுவது அதற்கடுத்தது. நாள் முழுவதையும் மணிக்கணக்காகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்த உறுதிகொள்வது ஆகியவை பிறகு வருகின்றன. பல ஆண்டுகளாக நான் இரண்டாம் படியிலிருந்தே தொடங்கிக்கொண்டிருந்தேன், அது எனக்குப் பணிவாகத் தெரிந்தது. தான் பெற்றது என்ன என்று பாராமல் தன் குறையை மட்டும் எண்ணுகிறவன் இறுதிவரை தன்னைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருப்பான் என்பதை இஞ்ஞாசியார் அறிந்திருக்க வேண்டும். அந்த நூலின் முடிவில் வரும் அன்பைப் பற்றிய தியானமும் பெற்ற நன்மைகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்வதில்தான் தொடங்குகிறது. அம்மா அந்த நூலைக் கண்டதில்லை. பேருந்தில் பத்து மணிகளைப் பிடித்தபோது அவர் செய்தது அதையேதான்.

ஊர் திரும்பிய பின், வீட்டில் இரவுச் செபத்தின் வரிசையை அம்மா மாற்றிவிட்டார். முன்பு மன்றாட்டுகள் முதலில் வரும். நோய், வேலை, திருமணம், கடன் என்று அவை நீண்டு, நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். இப்போது ஒவ்வொருவரும் அன்றைய நாளுக்கான நன்றி ஒன்றைச் சொன்ன பிறகே மன்றாட்டைத் தொடங்க வேண்டும். நேற்றுச் சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது என்பது கூடுதல் விதி. மறுவாரம் மீண்டும் கனமழை பெய்த நாளில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் கைகூப்பிக் கண்களை மூடிக்கொண்டு, பள்ளிக்கு விடுமுறை விட்ட கலெக்டருக்காக உமக்கு நன்றி ஆண்டவரே என்றாள். அக்கா அவளை அதட்ட வாயெடுத்தார். அம்மா கையமர்த்தி, "சொல்லட்டும், அடுத்தது யாரு?" என்று என் பக்கம் திரும்பினார்.