‘கண்டம்’ என்று எழுதும் முன்

தமிழில் ‘கண்டம்’ என்பது ஒரு சொல் அல்ல, மூன்று. துண்டு, கழுத்து, ஆபத்து என்று பொருள்படும் மூன்று தனித்தனி வடசொற்கள், நம் எழுத்தில் ககரத்துக்கும் டகரத்துக்கும் ஒலிவேறுபாடு காட்ட வழியில்லாததால் ஒரே வடிவில் வந்து சேர்ந்துவிட்டன. நீலகண்டனில் இருப்பது கழுத்து. ஜோசியர் “தண்ணியில கண்டம் இருக்கு” என்றால் அது உயிருக்கு ஆபத்து. ஆசியக் கண்டத்தில் இருப்பது துண்டு. உப்புக்கண்டத்தில் இருப்பதும் அதே துண்டுதான். உப்புப் போட்டுக் காயவைத்த ஆட்டுக்கறிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரே சொல்!

பழைய நூல்களைப் படிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். கோயிலில் சங்கல்பம் சொல்லும்போது ‘ஜம்பூத்வீபே, பாரதவர்ஷே, பரதகண்டே’ என்று வரும். பெரியதில் தொடங்கிச் சிறியதற்கு வரும் வரிசை அது. அதில் பெருநிலத்துக்குப் பெயர் தீவு, தமிழில் நாவலந்தீவு. கண்டம் அதற்குள் அடங்கிய ஒரு பகுதிதான். இன்று தீவு சிறியது, கண்டம் பெரியது என்று அளவு தலைகீழாகிவிட்டது. கந்தபுராணத்தில் வரும் குமரி கண்டமும் பாரதத்தின் ஒன்பது பிரிவுகளில் ஒன்றாகத்தான் சொல்லப்படுகிறது. 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் பெயர் சூட்டிய லெமூரியாவோடு அதை இணைத்து, கடலில் மூழ்கிய பெருநிலமாக்கியது பிற்காலத்து வேலை. பழைய வரியில் கண்ட சொல்லுக்கு இன்றைய பள்ளிப் பாடத்துப் பொருளைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

கண்டங்கள் எத்தனை? நம் பாடப்புத்தகத்திலும் போட்டித் தேர்விலும் ஏழு. லத்தீன் அமெரிக்க நாடுகளில் வட, தென் அமெரிக்காக்களைச் சேர்த்து ஒன்றாகவே கற்பிக்கிறார்கள். ஐரோப்பாவையும் ஆசியாவையும் யூரேசியா என்று ஒன்றாக்கி எண்ணுவதும் உண்டு. ஒலிம்பிக்கின் ஐந்து வளையங்களில் அமெரிக்காக்கள் ஒன்று, அண்டார்டிகா கணக்கிலேயே இல்லை. எந்தக் கணக்கும் தவறல்ல. ஐரோப்பாவை ஆசியாவிலிருந்து முழுவதுமாகப் பிரிக்கும் கடல் எதுவும் இல்லை. யூரல் மலை, யூரல் ஆறு, காஸ்பியன் கடல், காகசஸ் மலை, கருங்கடல், பாஸ்பரஸ் நீரிணை என்று போகும் கோடு மனிதர்கள் ஒத்துக்கொண்ட கோடு. அதனால்தான் இஸ்தான்புல் இரண்டு கண்டங்களில் கிடக்கிறது. எகிப்தின் சினாய்ப் பகுதி சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே இருப்பதால் ஆசியாவில் சேரும்.

விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆஸ்திரேலியா 2006 முதல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் ஆடுகிறது. கஜகஸ்தான் ஐரோப்பியக் கூட்டமைப்பில். கூட்டமைப்பைப் பார்த்துக் கண்டத்தை எழுதினால் தப்பு.

அதிகம் பார்க்கும் பிழைகள் பெயரில்தான். ‘அமெரிக்கா’ என்றால் தமிழில் ஐக்கிய அமெரிக்கா என்ற நாடுதான் நினைவுக்கு வரும். ஆகவே கண்டத்தைச் சொல்லும்போது ‘வட’ அல்லது ‘தென்’ விடக்கூடாது. மெக்சிகோ வட அமெரிக்காவில் இருக்கிறது, ஸ்பானிஷ் பேசுவதால் தென் அமெரிக்காவுக்குப் போய்விடாது. ‘தென்னாப்பிரிக்கா’ ஒரு நாடு. ஜிம்பாப்வே, நமீபியா எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ‘ஆப்பிரிக்காவின் தென்பகுதி’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஆப்பிரிக்க நாட்டில்’ என்று தலைப்புப் போட்டு, எந்த நாடு என்று நான்காம் பத்தியில் சொல்லும் பழக்கத்தை நாளிதழ்கள் எப்போது விடுமோ!

‘கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை’ என்பதற்கு ஒரு அளவு உண்டு: வழக்கமான வரையறைப்படி 5,500 கிலோமீட்டருக்கு மேல் பாய வேண்டும். ஒரு கண்டத்திலிருந்து கிளம்பி அடுத்த கண்டத்தில் விழும் எல்லாம் அதில் சேராது. சேர்ந்தால் பாஸ்பரஸைத் தாண்டும் சின்ன ராக்கெட்டுக்கும் அந்தப் பெயர் வைக்க வேண்டியிருக்கும்.

எழுத்தில்: ‘ஆசியா கண்டம்’ அல்ல, ‘ஆசியக் கண்டம்’. இறுதி ஆகாரம் குறுகி, வல்லினம் மிகும். ‘ஆப்பிரிக்கக் கண்டம்’ அப்படியே. ஐரோப்பா ‘ஐரோப்பிய’ என்றாகி, ‘ஐரோப்பியக் கண்டம்’ என்று வரும். ‘இந்தியத் துணைக்கண்டம்’ என்பதில் ‘துணைக்கண்டம்’ ஒரே சொல், நடுவில் இடைவெளி வேண்டாம். ‘அண்டார்டிகா’ மட்டும் ‘அண்டார்டிகக் கண்டம்’ என்றாகும்போது கண் உறுத்துகிறது. அந்த இடத்தில் ‘அண்டார்டிகா’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகலாம், யாருக்கும் குழப்பம் வராது.